சாவி எங்கிட்டதான் இருந்துச்சு

அந்தக் கதவைச் சாத்தாதிய அக்கா. உங்க வீட்டுக்காரர் ரூம் கதவு இல்ல, எதுத்த கதவு. எம்மவ ரூம். அது அப்படியே ஒருக்களிச்சு இருக்கட்டும். இந்த பெஞ்சுல இப்படிச் சாஞ்சு உக்காந்தா கட்டில் பாதி தெரியும். நான் பாக்கது அவளுக்குத் தெரியாது. நீங்களும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்க சேலை நல்ல சிவப்பு, அவ கண்ணுல படும்.

உங்களுக்கு எந்த ஊரு? சுரண்டையா? நாங்க தென்காசி. பக்கம்தான். எங்க ஸ்கூல்ல உங்க சொந்தக்காரப் பிள்ளைக யாரும் படிக்காளுகளா? இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இல்ல. சரி, அப்ப உங்ககிட்ட சொல்லலாம்.

பேரு உலகம்மை. வீட்டுல உலகுன்னு கூப்பிடுவோம். பதினொண்ணாப்பு படிக்கா. கிட்னியில இன்ஃபெக்ஷனாம். ட்ரிப்ஸ் ஏறுது, ஊசி போடுதாவ, அது பாட்டுக்கு நடக்கு. ஆனா வாயால நிறையத் தண்ணி குடிச்சாத்தான் உள்ள இருக்க கிருமி வெளிய போகும்னு டாக்டரம்மா சொல்லிட்டா. இவ குடிக்க மாட்டேங்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்துருக்கா. நேத்து இறங்குன காய்ச்சல் இன்னைக்குத் திரும்பவும் ஏறுது. இப்படியே போனா கிட்னிய நிரந்தரமா பாதிச்சுரும்னு காலையில என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னா. பதினாறு வயசுப் பிள்ளைக்கு அக்கா. 

நான் டம்ளரைக் கொண்டு போனா முகத்தைச் சுவரு பக்கம் திருப்பிக்கிடுதா. திட்டிப் பாத்துட்டேன், கெஞ்சிப் பாத்துட்டேன். பாட்டிலை மேசையில வச்சுட்டு வந்தா குடிப்பாளோன்னு பேனாவால கோடு போட்டு வச்சுட்டு வந்தேன். தண்ணி இறங்கியிருந்துச்சு. சந்தோஷப்பட்டேன். பொறவு பாத்தா வாஷ்பேசின் ஈரமா இருக்கு. அப்பவே தெரிஞ்சு போச்சு. ஒருத்தி தண்ணியக் கொட்டுதான்னா அவ மனசுல ஏதோ இருக்கு. அது என்னன்னுதான் எனக்குத் தெரியணும்.

முதல்லருந்து சொல்லுதேன். எனக்கு டீச்சர் வேலை. பி.டி. டீச்சர். விசிலும் நானுமா எத்தனை வருஷம் ஓடிட்டு. எச்.எம். வருவாவ, போவாவ, மாறுவாவ. ஸ்கூலைக் கட்டி மேய்க்கது யாருன்னு வாட்ச்மேன்கிட்ட கேளுங்க, சொல்லுவான். பிள்ளைக மனசுல என்ன ஓடுதுன்னு அவளுக நடக்க நடையிலயே கண்டுபிடிச்சுருவேன். ரெட்டைச் சடையில ஒரு சடை முன்னால கிடந்தா ஒரு அர்த்தம். கைக்குட்டைய மடிச்சுப் பிடிச்சா ஒரு அர்த்தம். ரெண்டு பேரு சேந்து சிரிச்சா அதுக்கு நூறு அர்த்தம். எல்லாரும் உங்கள மாதிரி வெள்ளந்தியா இருந்துர முடியுமா? பொம்பளப் பிள்ளைக படிக்க ஸ்கூல் அக்கா.

எங்க ஸ்கூல்ல பழைய மாணவிக சேந்து புதுசா பாத்ரூம் கட்டிக் குடுத்தாவ. டைல்ஸ் என்ன, வாஷ்பேசின் என்ன, கண்ணாடி என்ன. என் வீட்டுலகூட அப்படி இல்ல. திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், ஒரு நாள் உள்ள போய்ப் பாக்கேன், டைல்ஸ்ல நகப் பாலிஷால இதயம் வரைஞ்சு ரெண்டு எழுத்து எழுதியிருக்கு. எழுதுனவ யாருன்னு கேட்டேன். ஒருத்தியும் வாயைத் திறக்கல. சரி, உங்களுக்கெல்லாம் நல்லது ஆகாதுட்டின்னு அன்னைக்கே ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்புல.

சும்மா அடைச்சுப் போட்டேன்னு நினைச்சுராதிய. பழைய பாத்ரூம் ரெண்டு திறந்துதான் கிடந்துச்சு. அதுல உள்தாழ்ப்பாள் கிடையாது, குழாயில தண்ணி வராது, வேற ஒரு குறையும் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுவும் நல்லதுதான், பிள்ளைகளுக்குள்ள ஒத்துமை வரும். புதுசை இன்டர்வெல்லுக்கு மட்டும் நானே போய்த் திறந்து விடுவேன். வாசல்லயே நிப்பேன். உள்ள அதிக நேரம் எடுத்தா விசில் ஊதுவேன். அத்தனை பிள்ளைகளும் வரிசையில நிக்கும், பாதி வரிசை போகும்போதே பெல் அடிச்சுரும். அதுக்கு நான் என்ன செய்ய? பெல் அடிக்கது என் வேலையா?

கிளாஸ் நேரத்துல அவசரம்னாலும் நான் மறுக்கல. என் ரூமுக்கு வந்து கேக்கணும். காரணம் சொல்லணும். சத்தமாச் சொல்லணும். காதுல வந்து குசுகுசுன்னு சொன்னா எனக்குச் சந்தேகம் வரும். பக்கத்து மேசையில கிளார்க் சார் இருப்பாரு, அவருக்கும் பொண்ணு பிள்ளைக இருக்கு, தப்பா நினைக்க மாட்டாரு. ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு பிள்ளைக வந்தாளுக. பொறவு ஒருத்தியும் வரல. பாத்தியளா, அவசரம் அவசரம்னு சொன்னதெல்லாம் வேஷம். உண்மையிலேயே அவசரம்னா வந்துருக்க மாட்டாளா?

அதுக்குப் பொறவுதான் ஸ்கூல்ல வேற மாதிரி ஒண்ணு நடக்க ஆரம்பிச்சுது. பிரேயர்ல பிள்ளைக மயங்கி மயங்கி விழுந்தாளுக. சாயங்காலம் வீட்டுக்குப் போகையில பையைப் பாத்தா தண்ணி பாட்டில் கொண்டாந்தது கொண்டாந்தபடியே நிறைஞ்சு இருக்கு. மாசாமாசம் ரெண்டு மூணு நாள் லீவு போடுதாளுக. நான் அப்பவே ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன், இது ஏதோ டயட்டு, போன்ல பாத்துட்டு இடுப்பு சின்னதாகணும்னு பட்டினி கிடக்காளுகன்னு. எல்லா டீச்சரும் ஆமாம்னு தலையாட்டுனாவ. பிசிக்ஸ் சார் மட்டும் தலையாட்டாம ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்த ஆளு மேல எனக்கு அன்னைக்கே ஒரு கண்ணு.

எம்மவ கதைக்கு வாரேன். அவ அப்பாவுக்கு மின்வாரியத்துல வேலை. நேத்து வந்து பிள்ளையப் பாத்து அழுதுட்டு டூட்டிக்குப் போயிட்டாவ. அவுக குடுத்த செல்லம்தான் எல்லாம். சின்ன வயசுலருந்து இவளுக்கு ஒயரு, பேட்டரி, ஸ்குரூ டிரைவரு. மத்த பிள்ளைக பொம்மையக் குளிப்பாட்டுனா இவ பொம்மை வயித்தைக் கிழிச்சு உள்ள என்ன இருக்குன்னு பாப்பா. போன வருஷம் ஸ்கூல் கண்காட்சியில முதல் பரிசு வாங்குனா. என்ன செஞ்சா தெரியுமா? திருடன் மிதிச்சா மணி அடிக்க மிதியடி. சாப்பாடு கட்டுற சில்வர் தாளை ரெண்டு அட்டையில ஒட்டி, நடுவுல ஸ்பாஞ்சை ஓட்டை போட்டு வச்சு, மேல மிதியடிய விரிச்சுட்டா. காலை வச்சதும் தாளும் தாளும் தொட்டு மணி அடிக்கும். வந்தவுக எல்லாம் மிதிச்சு மிதிச்சுப் பாத்தாவ. நானும் கை தட்டுனேன். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லப்பிடாது.

ஸ்கூல்ல அவ என்னை டீச்சர்னுதான் கூப்பிடணும். அம்மான்னு கூப்பிட்டா மத்த பிள்ளைக இளக்காரமா நினைப்பாளுக. சாவி விஷயத்துலயும் அப்படித்தான். மவளுக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டம் கிடையாது. ஒரு தடவ வந்து ரூம் வாசல்ல நின்னா. கிளார்க் சாரைப் பாத்தா, என்னைப் பாத்தா. என்ன வேணும், சத்தமாச் சொல்லுன்னேன். ஒண்ணுமில்ல டீச்சர்னு திரும்பிப் போயிட்டா. அதுக்குப் பொறவு வரவே இல்ல.

இந்த வருஷம் அவ கூட ரெண்டு பேரு சேந்தாளுக. ஒருத்தி முப்பிடாதி, இன்னொருத்தி நிஷா. மூணு பேரும் ஒரே பெஞ்சு. எப்பப் பாத்தாலும் தலையோட தலை ஒட்டிக்கிட்டு இருப்பாளுக. நான் போனா பேச்சு நின்னுரும். எம்மவ பையில ஒயரு இருக்கு, சில்வர் தாளு இருக்கு. எதுக்குட்டின்னு கேட்டா பிராஜெக்ட்டுங்கா. பிராஜெக்ட்டுக்கு எதுக்குட்டி சிரிப்பு?

ஒரு நாள் என் ரூம் வாசல்ல செருப்பைக் கழட்டும்போது பாக்கேன், மிதியடிக்கு அடியிலருந்து முடி மாதிரி மெல்லிசா ஒரு ஒயரு போகுது. சுவத்தோரமா, ஜன்னல் கம்பியச் சுத்தி, சைக்கிள் ஸ்டாண்டு மேல ஏறிப் போகுது. பின்னாலயே போனேன். எங்க போய் நிக்குன்னு நினைக்கிய? இவளுக கிளாஸ், பதினொண்ணு பி ஜன்னல்ல. உள்ள எட்டிப் பாத்தா முப்பிடாதி மேசையில ஜாமெட்ரி பாக்ஸ், அதுக்குள்ள துளியூண்டு சிவப்பு பல்பு. திரும்பி வந்து மிதியடியத் தூக்கிப் பாத்தேன். அதே அட்டை, அதே ஸ்பாஞ்சு. திருடனுக்குக் கண்டுபிடிச்சதைக் கொண்டாந்து பெத்த தாய்க்கு வச்சிருக்கா அக்கா.  மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்? நான் ரூமை விட்டு இறங்குறது இவளுகளுக்கு எதுக்குத் தெரியணும்?

இது செல்போன் விஷயம்தான்னு முடிவு பண்ணிட்டேன். கிளாஸ்ல போன் வச்சுக்கிட்டு எவன்கூடயோ பேசுதாளுக, நான் வந்தா ஒளிக்காளுக. ஒயரைக் கழட்டல. தெரியாத மாதிரியே இருந்துக்கிட்டு மறுநாள் எல்லா கிளாஸ்லயும் பை சோதனைன்னு ஆரம்பிச்சு, பதினொண்ணு பிக்குப் போனதும் ஒவ்வொரு பையா மேசையில கவுத்தேன். சீப்பு விழுந்துச்சு, பேப்பர்ல சுத்தின பேடு விழுந்துச்சு, நிறைஞ்ச தண்ணி பாட்டிலு விழுந்துச்சு. பாடம் எடுத்துக்கிட்டு இருந்த பிசிக்ஸ் சார் வெளிய போயிட்டாரு. நிஷா பையில ஒரு பினாயில் பாட்டிலு இருந்துச்சு. அதைத் திறந்து மோந்து பாத்தேன், பினாயில்தான். போன் ஒண்ணுகூட இல்ல. அத்தனை பிள்ளைகள்ட்டயும் ஒண்ணுகூட இல்லன்னா அது எப்படி? அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாப் போச்சு.

அடுத்து நான் என்ன செஞ்சேன், சொல்லுங்க பாப்போம். மிதியடிய மிதிக்காம தாண்டுனேன். அவ்வளவுதான். செருப்பும் போடல. வெறுங்காலோட சுவத்தோரமா நடந்து பின்பக்கம் போனேன். புது பாத்ரூம்ல பூட்டு நான் போட்டது போட்டபடி தொங்குது. இழுத்துப் பாத்தேன், கல்லு மாதிரி இருக்கு. ஆனா உள்ள தண்ணிச் சத்தம் கேக்கு.  பூட்டுன கதவுக்குள்ள எப்படிட்டி ஆளு இருக்கும்?

கொஞ்ச நேரத்துல கதவு திறக்கு. பூட்டு இருக்க பக்கம் இல்ல, அந்தப் பக்கம். கீல் இருக்க பக்கம். கீல்ல ஒரு கம்பி இருக்கும்லா, அதை மேலயும் கீழயும் உருவிட்டாளுக. பூட்டு பூட்டாவே இருக்கு, கதவு மறுபக்கம் ஒரு ஆளு நுழையிற அளவுக்கு விலகுது. போனவ வந்ததும் கம்பியைத் திரும்பச் சொருகி வச்சுருவாளுக. நான் தினமும் வீட்டுக்குப் போகையில பூட்டை இழுத்துப் பாத்துட்டுப் போவேன் அக்கா. என் மூளை அந்தப் பக்கம் போகவே இல்ல. என்ன மூளை பாருங்க இந்தக் கழுதைக்கு. படிப்புல காட்டுனா கலெக்டர் ஆயிருவா.

உள்ளருந்து எம்மவ வந்தா, கையில கீல் கம்பி. பின்னால நிஷா வாளியோட. உள்ள பினாயில் வாடை. டைல்ஸைத் தேச்சுக் கழுவியிருக்காளுக, அந்த நகப் பாலிஷ் இதயத்தைக்கூட சுரண்டி எடுத்துட்டாளுக. தப்பு பண்ணலன்னா எதுக்குக் கழுவணும்? பதினொண்ணு பி மட்டும் இல்ல, பத்தாப்புப் பிள்ளைக, ஒம்பதாப்புப் பிள்ளைக, எல்லாம் முறை வச்சு வந்து போகுதாளுகளாம். கிளாஸ்ல தண்ணி குடிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டு வரது. நான் ரூமை விட்டு இறங்குனா பல்பு எரியும், முப்பிடாதி டிபன் பாக்ஸ் மூடியைக் கீழ போடுவா, சத்தம் கேட்டதும் இங்க இருக்கவ ஓடிருவா. இம்புட்டும் எதுக்குட்டின்னு கேட்டேன். பாத்ரூம் போகத்தான் டீச்சர்ங்கா நிஷா.

நம்புவியளா நீங்க? பாத்ரூம் போகதுக்கு ஒருத்தி ஒயரு இழுப்பாளா, கீலைக் கழட்டுவாளா? சாவி எங்கிட்டதான இருந்துச்சு. வந்து கேட்டா முடிஞ்சு போச்சு. அதைத்தான் எம்மவளைப் பாத்துக் கேட்டேன். அவ என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. 

மூணு பேரையும் ஒரு வாரம் பிரேயர்ல கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல நிக்க வச்சேன். மவன்னு பாக்கல. ஆள் கூட்டிட்டு வந்து கீலை வெல்டிங் வச்சுட்டேன், இனி எவளும் உருவ முடியாது. மிதியடிய அடுப்புல போட்டேன். அவ அப்பா கேட்டாவ, பரிசு வாங்குனதை ஏன் எரிச்சன்னு. நீங்க ஒயரு குடுக்காம இருந்தா எரிக்க வேண்டி வந்திருக்காதுன்னு சொன்னேன். ஸ்கூல் அதுக்குப் பொறவு அமைதியாயிட்டு. ஒரு சத்தம் இல்ல, ஒரு சிரிப்பு இல்ல. பிள்ளைக மதியத்துக்கு ரசத்தைக்கூட ஊத்தாம வெறுஞ்சோத்தைத் தின்னாளுக. பாத்தியளா, கண்டிச்சா கட்டுப்படுதாளுகன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் இவளுக்கு உடம்பு மாறுச்சு. இடுப்பு வலிக்குன்னா. சோறு வேண்டாம்னா. காலையில எந்திரிச்சதும் வாந்தி. முகம் வீங்குன மாதிரி இருக்கு. நீங்களே சொல்லுங்க, வயசுக்கு வந்த பிள்ளை காலையில வாந்தி எடுத்தா பெத்தவளுக்கு என்ன தோணும்? தோணாதுங்கியளா? அந்த மிதியடி, அந்தக் குசுகுசு, அந்த இதயம், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து வந்து நெஞ்சுல உக்காந்துக்கிட்டு. அவ அப்பாட்ட சொல்லல. மருந்துக் கடையில, அதுவும் நம்ம தெருக் கடையில இல்ல, குத்துக்கல்வலசை வரைக்கும் போய், அந்தச் சோதனை பண்ற அட்டையை வாங்கிட்டு வந்தேன்.

ஒரு கப்பைக் கையில குடுத்து, போயிட்டு வான்னேன். எதுக்கும்மான்னு கேட்டா. அட்டையைக் காட்டுனேன். அவளுக்கு அது என்னன்னு தெரிஞ்சுருக்கு. தெரிஞ்சுருக்குன்னா பாத்துக்கோங்க. அப்படியே நின்னா. பொறவு உள்ள போனா. ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்து, வரமாட்டேங்கு, எரியுது, சொட்டுச் சொட்டா வலிக்குதுன்னா. கப்பு காலியா இருக்கு. ஒரு துளி கேட்டா ஒருத்திக்கு வராமலா போகும்? நான் கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு, வந்தாலும் வரலைன்னாலும் உண்மை தெரியாம விடமாட்டேன்டி, தண்ணியக் குடி, குடிச்சுட்டுத் திரும்பப் போன்னேன். செம்பைக் கையில திணிச்சேன். அவ அதைக் கீழ வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டா. அன்னைக்குப் படுத்தவதான்.

தென்காசியில இல்லாத ஆஸ்பத்திரியா? தெரிஞ்ச மூஞ்சி எவளாவது பாத்துட்டா என்ன பண்ணன்னுதான் இம்புட்டு தூரம் பாளையங்கோட்டைக்குக் கொண்டாந்தேன். அதுக்கும் ரெண்டு நாள் யோசிச்சேன். பஸ்ல என் தோள்ல சாஞ்சுக்கிட்டு வந்தா, உடம்பு நெருப்பாக் கொதிக்கு. ஆலங்குளம் தாண்டும்போது ஏதோ முனங்குனா. பேரு ஏதும் சொல்லுதாளான்னு குனிஞ்சு காதை வச்சுக் கேட்டேன். "டீச்சர், அவசரம் டீச்சர்"ங்கா. காய்ச்சல் வேகத்துல என்னென்னமோ உளறுதா.

இங்க இருக்க டாக்டரம்மா சின்னப் பொண்ணு. நானே முதல்ல கேட்டேன், அந்த டெஸ்டு பண்ணிருங்கன்னு. பண்ணிட்டு, அப்படி ஒண்ணும் இல்லைன்னா. இன்னொரு தடவ பாருங்கன்னேன். அவ பேனாவைக் கீழ வச்சுட்டு, "உங்க பொண்ணு நாள் முழுக்க தண்ணி குடிக்காம, ஒண்ணுக்கு அடக்கி அடக்கி வச்சுருக்காம்மா. ஸ்கூல்ல பாத்ரூம் இல்லையா?"ன்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. ஏன் இல்ல, டைல்ஸ் போட்ட பாத்ரூம் இருக்கு, சுத்தமா இருக்கணும்னு நானே பூட்டி வச்சு நானே சாவி வச்சுருக்கேன்னு சொன்னேன்.  என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கல. எம்மவ என்னத்தையோ டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டா, இவுகளும் சேந்துக்கிட்டு மறைக்காவ.

நேத்து அந்த ரெண்டு பேரும் வந்தாளுக, முப்பிடாதியும் நிஷாவும். பஸ் ஏறி வந்துருக்காளுக, வீட்டுல சொன்னாளுகளோ என்னமோ. நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். மேல வரும்போதே உள்ள சிரிப்புச் சத்தம். எம்மவ சிரிக்கா! எத்தனை நாளாச்சு தெரியுமா அந்தச் சத்தத்தைக் கேட்டு. நான் கதவைத் திறந்ததும் நின்னுட்டு. மேசையில டம்ளர் காலியா இருக்கு. என்னத்தைட்டி குடுத்தியன்னு கேட்டேன். தண்ணிதான் டீச்சர்ன்னாளுக. டம்ளரை எடுத்து மோந்து பாத்தேன். வாடை ஒண்ணும் இல்ல. வாடை இல்லாத சாமானும் உலகத்துல இருக்குல்லா? இனி இந்தப் பக்கம் தலையக் காட்டுனா டி.சி. கிழிச்சுருவேன்னு விரட்டி விட்டேன். நேத்து சாயங்காலம் காய்ச்சல் நல்லாத்தான் இறங்கியிருந்துச்சு. இன்னைக்குப் பாருங்க இப்படி.

அதனாலதான் உங்ககிட்ட ஒரு உதவி கேக்கேன் அக்கா. உங்கள அவளுக்குத் தெரியாது. உங்க முகத்தைப் பாத்தா யாருக்கும் பேசணும்னு தோணும், எனக்கே தோணிட்டுல்லா? பிளாஸ்க்ல வெந்நீர் இருக்கான்னு கேக்க மாதிரி உள்ள போங்க. சும்மா பேச்சுக் குடுங்க. யாரை நினைச்சுக்கிட்டுத் தண்ணி குடிக்காம கிடக்கான்னு மெல்ல வாயைப் பிடுங்குங்க. ஒரு பேரு கிடைச்சாப் போதும், மத்ததை நான் பாத்துக்கிடுதேன். நான் வெளிய இருக்கேன்னு சொல்லாதிய. போங்க. உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டா நான் பாத்துக்கிடுதேன்.

வந்துட்டியளா. இப்படி வாங்க, மெதுவாப் பேசுங்க. ஏன் இம்புட்டு நேரம்? கதவை ஏன் சாத்துனிய, எனக்கு ஒண்ணுமே தெரியல. என்ன சொன்னா? பேரு சொன்னாளா?

பேரு ஒண்ணும் இல்லையா. சரி. வேற?

தண்ணி கேட்டாளா? யாரு, அவளா கேட்டா? வாயைத் திறந்து கேட்டாளா?

நீங்க குடுத்து குடிச்சாளா.

எம்புட்டு? முழு டம்ளருமா? மடக்கு மடக்குன்னா? இன்னொண்ணு கேட்டாளா?

இல்லக்கா, நான் அழல. நல்லதுதான. டாக்டரம்மா அதைத்தான சொன்னா. கண்ணுல ஏதோ விழுந்துட்டு. சொல்லுங்க, குடிச்சுட்டு என்ன செஞ்சா?

பாத்ரூம் போகணும்னாளா? நீங்க ட்ரிப்ஸ் கம்பியப் பிடிச்சுக்கிட்டு கூட்டிட்டுப் போனியளா. போனாளா? நல்லாப் போனாளா? எரியுதுன்னாளா? குறைஞ்சிருக்குன்னாளா. நல்லது. தாயா இருப்பிய. நீங்க நல்லா இருப்பிய.

உள்ள போகதுக்கு முன்னால உங்ககிட்ட என்ன கேட்டா?

"போலாமா"ன்னா கேட்டா. உங்ககிட்டயா. பொறவு?

குடிச்சேன்னு அம்மாகிட்ட சொல்லிராதீங்கன்னாளா.

அப்ப நீங்க ஏன் எங்கிட்ட சொன்னிய? நான் கேட்டேன்னா சொல்லிருவியளா? பிள்ளை ஒருத்தி நம்பி ஒரு வார்த்தை சொன்னா அதை வச்சுக்காக்க வேண்டாமா? சரி, விடுங்க. எனக்குத் தெரியாது. நீங்க ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல.

அந்தக் கதவை நல்லாச் சாத்திருங்க. நான் அந்தக் கோடி பெஞ்சுக்குப் போயிருதேன், அங்கருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. நீங்க திரும்ப உள்ள போங்க அக்கா. போய், உங்க அம்மா ஊருக்குப் போயிட்டா, பஸ் ஏறுனதை நானே பாத்தேன்னு சொல்லுங்க. இன்னும் ரெண்டு டம்ளர் குடிப்பா.